மணிச்சத்தத்துக்குக் காத்திருந்தவர்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறிப் பாருங்கள். செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொள்ளும். வெள்ளிமலை பக்கம் போனால் மறுபடி எட்டிப் பார்க்கும். உள்ளே தள்ளியிருக்கிற பல ஊர்களில்... ம்ஹூம்!

இந்த மலையில்தான் கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசிப் பெட்டியோடு ஊர் ஊராகப் போகிறார். தபால்காரர் போகிறார். வனக்காப்பாளர், லைன்மேன் எல்லோரும் போகிறார்கள். பெரும்பாலும் தனியாக. இவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் வாசலைப் பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் மனசில் இப்போது ஒரு கேள்வி. ‘ஜி.பி.எஸ். டிராக்கர்னு விக்கிறாங்களே, ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டா நிம்மதியா இருக்கலாமா?’

கேள்வி சின்னதுதான். பதிலுக்கு 1957 வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் அக்டோபர் 4. சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. பீப்... பீப்... என்று கத்திக்கொண்டே பூமியைச் சுற்றியது அது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்று இரண்டு இளைஞர்கள் ரேடியோவைத் திருகி அந்தச் சத்தத்தைப் பிடித்தார்கள். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் ஒரு மாதிரியும், கடந்து போகும்போது வேறு மாதிரியும் கேட்கும் இல்லையா? அதே கணக்கை வைத்து, ஸ்புட்னிக் எந்தப் பாதையில் போகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

1958-ல் அவர்களுடைய மேலதிகாரி ஃபிராங்க் மெக்லூர் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். ‘தரையில் நாம் இருக்கிற இடம் தெரிந்ததால், வானத்தில் அது இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தீர்கள். அது இருக்கிற இடம் தெரிந்தால், நாம் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?’

முடியும் என்றார்கள். நடுக்கடலில் இருக்கும் அணு ஏவுகணை நீர்மூழ்கிக் கப்பல், தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ‘டிரான்ஸிட்’ என்கிற ஏற்பாடு வந்தது. அதன் வாரிசுதான் ஜி.பி.எஸ். அதன் முதல் செயற்கைக்கோள் 1978-ல் போனது. அதுவும் ராணுவத்துக்குத்தான். 1983 செப்டம்பரில் வழிதவறிய கொரியப் பயணிகள் விமானம் ஒன்றை சோவியத் சுட்டு வீழ்த்தி, 269 பேர் செத்துப்போன பிறகுதான் ‘பொதுமக்களும் பயன்படுத்தலாம்’ என்று ரீகன் அறிவித்தார். அப்போதும் நமக்குக் கிடைத்தது வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்ட சிக்னல்தான். நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அந்தத் திரையை விலக்கியது 2000 மே மாதம். இன்றைக்கு நம் சட்டைப்பை வரைக்கும் இது வந்திருக்கிறதென்றால், அந்த உத்தரவும் ஒரு காரணம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஜி.பி.எஸ். என்பது வெறும் காது. செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்டு, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தனக்குத்தானே தெரிந்துகொள்ளும். அதை வேறு யாருக்கும் அதனால் சொல்ல முடியாது. நீர்மூழ்கிக் கப்பலுக்கு அதுதானே வேண்டும்? தன் இடத்தை ஊருக்குச் சொன்னால் அது என்ன ரகசியக் கப்பல்!

சொல்வதற்கு இன்னொரு கருவி வேண்டும். கடையில் விற்கிற டிராக்கரில் அந்த வேலையைச் செய்வது உள்ளே இருக்கிற சிம்கார்டு. அதாவது, சாதாரண செல்போன் டவர். மலையில் நடக்கிறவர் தான் நிற்கிற இடத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வார். கீழே வீட்டில் இருக்கிறவருக்குத் தெரியாது.

இப்படி இடம் தெரிந்தும் சொல்ல முடியாத கொடுமையைத் தமிழ்நாடு பெரிய அளவில் பார்த்தது 2017 நவம்பர் கடைசியில், ஒக்கி புயலில். கன்னியாகுமரி மாவட்டத்து தூத்தூர் வட்டார மீனவர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில் கெட்டிக்காரர்கள். வாரக்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். படகில் ஜி.பி.எஸ். வைத்துக்கொண்டு போகிறவர்கள். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் புயல் எச்சரிக்கை வந்தபோது, கரையிலிருந்து கூப்பிடும் தூரத்தைத் தாண்டி எத்தனையோ படகுகள் போயிருந்தன. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை.

அந்தச் சமயத்தில் கருவியே இல்லாமல் இல்லை. 2010 முதலே இஸ்ரோவின் ஆபத்துக்கால எச்சரிக்கைக் கருவி, சுருக்கமாக ‘டாட்’, புழக்கத்தில் இருந்தது. பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்குச் செய்தி போகும். அங்கிருந்து கடலோரக் காவல் படைக்கு. இருபதாயிரத்துக்கும் மேல் கொடுத்திருப்பதாக இஸ்ரோ சொல்கிறது. நல்ல கருவிதான். ஆனால், அழுத்தியவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராது! நடுக்கடலில், ராத்திரியில், அலை படகைத் தூக்கித் தூக்கிப் போடும்போது பட்டனை அழுத்திவிட்டு, ‘போச்சா... போகலையா?’ என்று தவிக்க வேண்டியதுதான்.

நான் வணிகவியல் படித்தவன். ஒரு பற்று எழுதினால் எதிரே ஒரு வரவு இருந்தே ஆக வேண்டும் என்று மண்டையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பழைய டாட், பாதிக் கணக்கு மட்டும் எழுதிய பேரேடு. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில்தான் மீதிப் பாதியை எழுதினார்கள். ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்ற பதில் நம்முடைய நாவிக் செயற்கைக்கோள் வசதி மூலம் படகுக்கே திரும்பி வரும்.

இந்தப் பதிலின் மதிப்பு செயற்கைக்கோள் வருவதற்கு முன்பே தெரிந்திருந்தது. அந்தக் காலத்தில் தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டு வழியே ஓடினார்கள். திருவிதாங்கூரில் அஞ்சலோட்டக்காரர் என்பார்கள். கையில் மணி கட்டிய கோல். வழியில் போகிறவர்கள் ஒதுங்க வேண்டும், மிருகங்கள் விலக வேண்டும் என்பதற்காக. ஆனால், அடுத்த சாவடியில் பையை வாங்கி ஓடுவதற்கு இன்னொருவர் தயாராக நின்றிருப்பார். அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்த காது அவருடையது.

கல்வராயன் மலைக்கு அரசாங்கமே தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்து, 1976-ல்தான் அங்கே ஜாகீர்தார்களின் அதிகாரம் முடிவுக்கு வந்தது. 2024-ல், கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, மலைவாசிகளின் அடிப்படை வசதி பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்கவேண்டியிருந்தது. ரோட்டுக்கே இந்தக் கதை என்றால் டவர் பற்றிக் கேட்க வேண்டுமா?

‘டவர் வேண்டாம், நேராக செயற்கைக்கோளிலேயே செய்தி அனுப்புகிற கருவி வெளிநாட்டில் கிடைக்குதே?’ என்பீர்கள். கிடைக்கிறது. மலையேறுகிறவர்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால், இந்தியாவில் மத்திய அரசின் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மீனவருக்குக் கிடைத்த மாதிரி ஓர் ஏற்பாடு மலையில் நடக்கும் செவிலியருக்கும் கிடைத்தாலென்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

சாவிக்கொத்தில் மாட்டுகிற சின்ன வில்லைகள் 2021-க்குப் பிறகு பிரபலமாகியிருக்கின்றன. அவற்றுக்கு டவரும் கிடையாது, ஜி.பி.எஸ்.ஸும் கிடையாது. பக்கத்தில் போகிற யாரோ ஒருவருடைய போனை வைத்துத்தான் இடம் சொல்லும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பிரயோஜனப்படலாம். ஆளே வராத மலைப்பாதையில் அது வெறும் சாவிக்கொத்து.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2020-ல் சண்டிகரில் தூய்மைப் பணியாளர்கள் கையில் ஜி.பி.எஸ். கடிகாரத்தைக் கட்டிவிட்டார்கள். அவர்கள் பாதுகாப்புக்காக அல்ல, எத்தனை மணிக்கு வந்தார்கள், எங்கே நின்றார்கள் என்று பார்ப்பதற்கு. தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஜாமீனில் வந்தவரின் நடமாட்டத்தை போலீஸ் எந்நேரமும் கூகுள் மேப்பில் பார்க்கும்படி நிபந்தனை போடக் கூடாது, அது அந்தரங்க உரிமையைப் பறிப்பது என்று தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே இந்த உரிமை உண்டு. கைப்பையில் ரகசியமாகக் கருவியைப் போட்டு அனுப்புகிற அப்பாக்களும் கணவர்களும் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

சரி, வாங்குவதென்றால்? சிக்னல் இல்லாத இடத்தில் போன பாதையைச் சேமித்து வைத்து, டவர் கிடைத்ததும் மொத்தமாக அனுப்புகிற கருவியா என்று கேளுங்கள். 2ஜி-யில் மட்டும் வேலை செய்கிறதென்றால் வேண்டாம். எல்லா கம்பெனியும் 2ஜி தருவதில்லை. கடைசியாகச் செய்தி வந்தது எத்தனை மணிக்கு என்று திரையில் தெளிவாகக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மூன்று மணி நேரத்துக்கு முந்தைய புள்ளியைப் பார்த்து, ‘பத்திரமா இருக்கா’ என்று நீங்கள் தூங்கிவிடுவீர்கள்! ஆபத்துப் பட்டனை அழுத்தினால் யார் போன் அடிக்கும், அந்த ஆள் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

வாங்கியதும் பகல் நேரத்தில் துணைக்கு ஒருவரோடு வழக்கமான பாதையில் ஒரு தடவை போய்வரச் சொல்லுங்கள். எந்தெந்த வளைவில் புள்ளி காணாமல் போகிறது, எங்கே திரும்ப வருகிறது, இடையில் எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொள்ளட்டும். அந்தத் தாளின் ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில். கிளம்பிய நேரம், திரும்ப வேண்டிய நேரம் எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு. சொன்ன நேரத்தைத் தாண்டினால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவது யார் என்று அதன் முதல் பக்கத்திலேயே பெயர் எழுதியிருக்கட்டும்.