"அறளை பெயர்ந்துட்டு" என்று சொல்லும் முன்

மூத்தம்மா ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்டால், "அவவுக்கு அறளை பெயர்ந்துட்டு" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம். ஒரு காலத்தில் வைத்தியர்களாலும் அதற்குமேல் அதிகம் சொல்ல முடியவில்லை.

1901ஆம் ஆண்டு. ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநல வைத்தியசாலைக்கு 51 வயதான அகுஸ்தே டேட்டர் என்ற பெண் கொண்டுவரப்படுகிறார். கணவரின் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொல்கிறார். அவரைப் பரிசோதித்தவர் வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர். 1906இல் அந்தப் பெண் இறந்த பிறகுதான், அவருடைய மூளையை நுணுக்குக்காட்டியில் வைத்து, கலங்களுக்கு இடையே படிவுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் இருப்பதை அல்சைமர் கண்டார்.

அதாவது, நோயை உறுதிப்படுத்த ஆள் மரணிக்க வேண்டியிருந்தது.

உயிருள்ள மூளையைப் பார்ப்பது லேசான காரியமல்ல. சாதாரண எக்ஸ்ரே மண்டையோட்டைத்தான் காட்டும். 1919இல் அமெரிக்க வைத்தியர் வோல்ட்டர் டாண்டி, முள்ளந்தண்டு வழியே மூளை நீரை எடுத்து, அந்த இடத்தில் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார். நோயாளிக்கோ தாங்க முடியாத தலைவலி.

1971 ஒக்டோபர் 1ஆம் திகதி வழி திறந்தது. இலண்டனில் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சீ.ரீ. ஸ்கேன் இயந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. எம்.ஆர்.ஐ. வந்தபின், நினைவுக்குரிய பகுதி சுருங்குவதைக்கூடப் பார்க்க முடிந்தது. 2002இல் சுவீடனின் உப்சாலாவில், பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் தயாரித்த ஒரு சேர்வையை ஊசி மூலம் ஏற்றி, அல்சைமர் கண்ட அதே படிவுகளை உயிரோடிருக்கும் மனிதரின் மூளையிலேயே பெட் ஸ்கேனில் கண்டார்கள். இடையில் ஏறத்தாழ நூறு வருடங்கள்!

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. படம் மட்டும் தீர்ப்பு அல்ல. நல்ல நினைவோடு இருக்கும் முதியவர்கள் சிலரின் மூளையிலும் அந்தப் படிவுகள் இருக்கும். எப்போது தொடங்கியது, எதையெல்லாம் மறக்கிறார் என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டியவர்கள் வீட்டிலிருக்கும் நாம்தான்.

இன்னொன்று: மறதி எல்லாமே அல்சைமர் அல்ல. விழுந்ததில் மெல்லக் கசிந்த இரத்தம், கட்டி, தேங்கிய மூளை நீர் ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றை ஸ்கேன் காட்டிக் கொடுக்கும். பலவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு.

அகுஸ்தேக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. நம் மூத்தம்மாவுக்கு இருக்கிறது. "வயசு போனா அப்படித்தான்" என்று நாமே தீர்ப்பு எழுதாமல், ஒரு தரம் வைத்தியரிடம் கூட்டிப் போவோம்.