இடைத்தாள் வேதாகமம்

அச்சிட்ட வேதாகமத்தின் கட்டைப் பிரித்து, இடையிடையே வெற்றுத்தாள் சேர்த்துத் திரும்பக் கட்டிய படிப்புப் பிரதி. ஓரக்குறிப்பு, குறிப்பேடு ஆகியவற்றைப் போலத் தனிப்பட்ட மறைநூல் கல்விக்கு உதவுவது. வசனத்துக்கு எதிரிலேயே எழுத இடம் கிடைப்பதே இதன் சிறப்பு.

புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, அமெரிக்க இறையியலாளர் ஜொனாதன் எட்வர்ட்ஸின் (1703–1758) பிரதி. மைத்துனரிடமிருந்து பெற்ற இதில் 1730 முதல் ஏறத்தாழ வாழ்நாள் இறுதிவரை எழுதினார். பெரிய வெற்றுத்தாள்களுக்கு நடுவே கிங் ஜேம்ஸ் பதிப்பின் சிறிய ஏடுகள் தைக்கப்பட்டுள்ளன. ஆயிரக்கணக்கான குறிப்புகளுள் பல, அவருடைய பிற குறிப்பேடுகளின் பதிவுகளைச் சுட்டுகின்றன. ஒரே கருத்தைப் பல்லாண்டுகள் தொடர்ந்து வளர்க்க இந்த இணைப்பே வழிசெய்தது.

வேதம் தேவவாக்கு என்பதில் எட்வர்ட்ஸ் உறுதியாக நின்றார். ஆயினும் மேத்யூ பூல், மேத்யூ ஹென்றி முதலிய வேத உரையாசிரியர்களின் உரைகளை ஒப்பிட்டே எழுதினார். வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான ஐந்தாகமங்களை மோசே எழுதவில்லை என்ற ஆய்வாளர் வாதத்தை ஒதுக்கிவிடாமல், 'வேதக் குறிப்புகள்' என்ற தனி ஏட்டில் நீண்ட மறுப்பு எழுதினார். விசுவாசமும் புலமையும் ஒரே மேசையில் இயங்கியதற்கு இவ்வேடுகள் அரிய சான்று. எட்வர்ட்ஸின் இடைத்தாள் வேதாகமத்தின் மூலப்பிரதி யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில் உள்ளது. அதன் அச்சுப்பதிப்பு 2006இல் வெளிவந்தது.