ஆணி பாய்ந்த கை

ஏசுநாதரின் படத்தை வரைந்தவர்களில் பலர் அவருக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்பது என் வெகுநாளைய எண்ணம். மெழுகு போன்ற முகம், பூவைத் தொட்டாலும் கன்றிவிடும் விரல்கள், தோளில் ஓர் ஆட்டுக்குட்டி! தச்சுப் பட்டறையில் வளர்ந்தவருக்கா இந்தக் கை? கயிற்றைச் சாட்டையாக முறுக்கி, எருசலேம் ஆலயத்தில் கடை விரித்திருந்தவர்களை விரட்டிய கை அல்லவா அது! யாரும் நெருங்க அஞ்சிய தொழுநோயாளியைத் தொட்டதும் அதே கைதான் என்று சுவிசேஷம் சொல்கிறது. வலிமையும் மென்மையும் ஒரே கையில் எப்படிக் குடியிருக்கும்? வேதசாஸ்திரிகள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். எனக்கு விடை கிடைத்ததோ வேலூர் அறுவை வைத்தியர் ஒருவரின் வரலாற்றில்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில், பாதிரி குடும்பத்தில் பிறந்தவர். வைத்தியம் படிக்குமுன் லண்டனில் கொத்து வேலையும் தச்சு வேலையும் பழகியவர். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கி வளர்த்த வேலூர் ஆஸ்பத்திரிக்கு 1946 கடைசியில் வந்து சேர்ந்தார்.

மறு ஆண்டு, தொழுநோய் நிபுணர் டாக்டர் காக்ரேனுடன் செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தைப் பார்க்கப் போனார். அங்கே ஒரு நோயாளி. விரல்கள் பறவையின் நகம்போல் மடங்கிக் கிடந்தன. தம் கையை இறுக்கிப் பிடிக்கும்படி சொன்னார் பிராண்ட். செத்த கைதானே என்று நினைத்திருப்பார். இரும்புப் பிடி! நகம் பதிந்து வலி பொறுக்க முடியவில்லை. பிடித்தவர் முகத்திலோ ஒரு சலனமும் இல்லை. பிறருக்கு நோகிறது என்பதே அவருக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கையில் பலம் குறையவில்லை, உணர்ச்சிதான் இல்லை. அப்படியானால் மென்மை என்பது பலக்குறைவு அல்லவே! தன் பிடி மற்றவனுக்கு எப்படி இருக்கிறது என்று அறிகிற பலத்துக்குத்தான் அந்தப் பெயர். படம் வரைந்தவர்கள் தவறவிட்டது இதைத்தான்.

பலமுள்ள தசை மிஞ்சியிருக்கிறது என்று கண்டுகொண்ட பிராண்ட், 1948 முதல் அதன் தசைநாரை எடுத்து விரல்களுக்கு மாற்றி வைத்துத் தைத்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. அடுத்தது பாதம். ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோலுக்குப் பேர்போன வட்டாரம்தான். ஆனால் உணர்ச்சியற்ற பாதத்தைக் கடினமான செருப்பு அரித்துப் புண்ணாக்கிவிடும். வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில், மெத்தென்ற ரப்பர் வைத்துச் செருப்பு தைத்துக் கொடுத்தார்கள்.

ஒரு முறை நோயாளிகளின் கூட்டத்தில் அவரைப் பேசச் சொன்னார்கள். எதிரே இருந்தவர்கள் தங்கள் கைகளை மறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஏசுவின் கைகளைப் பற்றியே பேசினார்: குழந்தைக் கை, உளியும் சுத்தியலும் பிடித்துக் காய்த்துப்போன தச்சன் கை, நோயைத் தொட்ட கை. பிறகு சிலுவை. ஆணி இறங்கினால் நரம்பு அறுபடும். விரல்கள் மடங்கிப்போகும், உங்கள் விரல்களைப் போலவே என்றார். வைத்தியருக்கு மட்டுமே தோன்றக்கூடிய வியாக்கியானம்!

கூட்டம் முடிந்தபோது எல்லாரும் கும்பிட்டார்கள். மடங்கிய விரல்கள், விரலே இல்லாத கைகள், ஒன்றுகூட மறைந்திருக்கவில்லை.