வெள்ளைப் பவுடரும் வேப்பங்கொட்டையும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி தன் வீட்டு நந்தியாவட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பச்சைப் புழு தின்று, செடியில் குச்சிதான் மிச்சம். "டீச்சர், நம்ம பள்ளித் தோட்டத்துல துணியில கட்டித் தட்டுவோமே, அந்த வெள்ளைப் பவுடர் பேர் என்ன? இப்ப எங்க கிடைக்கும்?" என்று கேட்டிருந்தாள். பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

அது பி.எச்.சி. பவுடர், கண்ணு. இப்போது கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

பி.எச்.சி.யை 1825-லேயே மைக்கேல் ஃபாரடே தயாரித்துவிட்டார். அது பூச்சியைக் கொல்லும் என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் உறவுக்கார மருந்தான டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் திறனை 1939-ல் கண்டறிந்த பால் முல்லர், 1948-ல் நோபல் பரிசு பெற்றார். உலகமே கொண்டாடியது. நம் ஊர் உரக்கடைக்கும் பவுடர் வந்து சேர்ந்தது. பட்ட புழு சுருண்டு விழும். ஆனால் மருந்து மண்ணிலும் உடம்பின் கொழுப்பிலும் வருடக்கணக்கில் தங்கிவிடும். இந்த ஆபத்தை ரேச்சல் கார்சன் 1962-ல் புத்தகமாக எழுதினார். 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. இந்தியாவில் பி.எச்.சி.க்குத் தடை வந்தது 1997-ல்.

அதே 1962-ல் டெல்லியில் இன்னொன்றும் நடந்தது. வெட்டுக்கிளிக் கூட்டம் வந்தபோது, வேளாண் விஞ்ஞானி பிரதான் குழுவினர் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிர்களை அவை தின்னவில்லை. 1968-ல் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது பட்ட இலையைப் புழு வெறுக்கும். தின்றாலும் ஒழுங்காகத் தோல் உரிக்க முடியாமல் வளர்ச்சி நின்றுபோகும்.

என் அப்பத்தா மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத்தான் தெளிப்பார். ஆசிரியர் பயிற்சி முடித்த மிடுக்கில், "இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று சிரித்தவள் நான். புத்தகத்தில் வந்து பல வருடம் ஆகியிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். பெரிய புழுக்களைக் கையால் பொறுக்கி எடுத்துவிடு. லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுதும் ஊறவை. வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி சாயங்காலம் தெளி. வெயில் பட்டால் வீரியம் போய்விடும். வாரம் ஒருமுறை போதும். உடனே புழு விழாது, பொறுமை வேண்டும்.

கடைசியாக ஒன்று. 1980-களில் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர்களுக்கு இது. அந்தப் பவுடர் மூட்டையை உங்கள் கையில் கொடுத்தது நான். கையுறை கிடையாது, மூக்கில் துணிகூடக் கட்டச் சொல்லவில்லை. தட்டி முடித்து, குழாயடியில் கையை நனைத்துக்கொண்டு அப்படியே சத்துணவு வரிசையில் நின்றீர்கள். பையில் எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. உங்களுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்த நான் அதைப் படிக்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.

உங்கள் பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அனுப்பும் முன், கையில் என்ன கொடுக்கிறீர்கள் என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்