தார்ப்பேயாவும் உடையாளும்

ரோமரின் பழங்கதைகளில் தார்ப்பேயா என்றொரு கன்னிகை உண்டு. கோட்டைத் தலைவனின் மகளாகிய அவள், சபீனர் இடக்கையில் அணிந்த பொற்கடகங்களை இச்சித்து வாசலைத் திறந்துவிட்டாள். அவர்களோ அதே கையிலிருந்த கேடயங்களை அவள்மேல் எறிந்து கொன்றார்கள்.

நம் உடையாள் வேறு வகையினள். 1772-இல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின் ராணி வேலு நாச்சியார் தப்பி வந்து, நம் பகுதியிலுள்ள விருப்பாச்சியில் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். அவர் சென்ற வழியைக் கும்பினிப் படையினர் கேட்டபோது, அரியாக்குறிச்சியில் மாடு மேய்த்த உடையாள் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுண்டாள் என்பது மக்கள் வழக்கு. (ஆவணம் எங்கே என்போர், தார்ப்பேயாவுக்கும் அதைக் கேட்கட்டும்!) வேவுகாரரை மறைத்த ராகாபுக்கு உயிராவது மிஞ்சிற்று, இவளுக்கு அதுவுமில்லை.

1780-இல் சிவகங்கையை மீட்ட ராணி, அவள் நினைவாகத் தம் தாலியையே காணிக்கையாக்கினார் என்பர்.