நீருக்குள் ஒரு பேரேடு

சீன தேசத்தில் ஃபூலிங் என்ற ஊரருகே, யாங்சி ஆற்றுக்குள் சுமார் 1,600 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாறை முகடு உண்டு. பெயர் பாய்ஹேலியாங், வெண்கொக்கு முகடு என்று பொருள். முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஆறு வற்றும்போதுதான் அது தலைகாட்டும். அப்போது வெளிப்பட்ட பாறையில், நீர் எந்த அளவுக்குத் தாழ்ந்தது என்று கி.பி. 763 முதலாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். 160க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள். கவிஞர் ஹுவாங் டிங்ஜியான் 1100இல் வந்துபோன குறிப்பும் அவற்றில் ஒன்று.

எழுத்தைவிட முக்கியமானவை கல்லில் செதுக்கிய மீன்கள். மீனின் கண் இருக்கும் உயரமே நீர்மட்டத்துக்கு அளவுக்குறி. மீன் வெளியே தெரிந்தால் விளைச்சல் செழிக்கும் என்பது அவ்வூரார் நம்பிக்கை. பழைய மீன்கள் தேய்ந்துபோகவே, 1685இல் புதிதாக வெட்டினார்கள். வியாபாரி கண்ணுக்கு இது 1,200 வருஷத்துப் பேரேடு.

2003இல் மூன்று பள்ளத்தாக்கு அணையில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். முகடு நிரந்தரமாக மூழ்கும் நிலை. அதை வண்டலில் புதைய விட்டுவிட்டு, கரையில் நகல் வைக்கலாம் என்றுகூட முன்னதாக ஒரு யோசனை இருந்தது. சரி, பெயர்த்துக் கரையேற்றினால் என்ன என்று கேட்கலாம். எழுத்து பிழைக்கும், அளவு செத்துப்போகும். மீன் தன் உயரத்தில் இருந்தால்தானே அளவுகோல்!

பொறியாளர் கே ஷியூருன் 2001இல் வேறு வழி சொன்னார். சுமார் 40 மீட்டர் ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நாலு கிலோ அளவுக்கு நீர் அழுத்தும். அதை எதிர்த்து நிற்கக் கட்டுவது பெரும்பாடு. அதனால் கல்வெட்டுகள் செறிந்த பகுதியை மட்டும் கூடுபோல மூடி, உள்ளேயும் வடிகட்டிய தண்ணீரையே நிரப்பினார்கள். உள்ளும் புறமும் அழுத்தம் சமம். பார்வையாளர் நடக்கும் குழாய்ப் பாதை மட்டும் அழுத்தத்தைத் தாங்கும். 2009இல் திறந்த இந்த அருங்காட்சியகத்தில், நகரும் படிக்கட்டில் ஆற்றடிக்கு இறங்கி, வட்டச் சன்னல் வழியாகக் கல்மீனைக் காணலாம்.

நம் நாட்டில் நாகார்ஜுனகொண்டாவை நினைத்துப் பாருங்கள். 1954 முதல் 1960 வரை அகழ்ந்து, தேர்ந்தெடுத்த கட்டடங்களை மட்டும் குன்றின்மேல் கொண்டுபோய் வைத்தார்கள். அன்றைக்கு அதுவே பெரிய சாதனை. ஸ்தூபியை மேட்டிலும் வணங்கலாம். நீர்மட்டம் சொல்லும் கல்லுக்கு அது பொருந்தாது.

நம்ம ஊர் ஏரி மதகுகளிலும் எழுத்துள்ள கற்கள் உண்டு. தூர்வாரும்போது அவற்றைப் பெயர்த்துக் கோயில் சுவரில் சாத்தி வைப்பது பாதுகாப்பு ஆகாது. விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்: கல்லைக் காப்பது பாதி, அது நிற்கும் இடத்தைக் காப்பது மீதி.