விஸ்வநாத் திரும்பக் கூப்பிட்ட டெய்லர்

1980 பிப்ரவரி, பம்பாய் வான்கடே. இந்திய கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவுக்காக இங்கிலாந்தோடு ஒரே ஒரு டெஸ்ட். முதல் நாள் ஆட்டம் 15ஆம் தேதி. மறுநாள் சூரிய கிரகணம், அதனால அன்னைக்கு ஓய்வு நாள்னு விட்டுட்டாங்க. இப்படியும் ஒரு டெஸ்ட்!

இந்தியா 242. பதிலுக்கு இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட். போத்தமும் கீப்பர் பாப் டெய்லரும் தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில் கபில்தேவ் பந்தில் கீப்பர் கேட்ச் அப்பீல். நடுவர் ஹனுமந்த ராவ் விரலைத் தூக்கிவிட்டார். டெய்லர் நகரத் தயங்கினார். பந்து மட்டையில் படவில்லை என்பது அவர் நிலை. ஸ்லிப்பில் நின்ற கேப்டன் குண்டப்பா விஸ்வநாத்துக்கும் அதே எண்ணம். நடுவரிடம் போய்ப் பேசி அப்பீலை வாபஸ் வாங்கினார். டெய்லர் தொடர்ந்து ஆடினார்.

அப்புறம் நடந்ததுதான் வலிக்கிற பகுதி. அந்த ஜோடி 171 ரன் சேர்த்தது. போத்தம் 114, டெய்லர் 43, இங்கிலாந்து 296. இரண்டாவது இன்னிங்சில் இந்தியா 149க்குச் சுருண்டு, 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. போத்தமுக்கு மொத்தம் 13 விக்கெட். டெய்லர் பிடித்த கேட்ச் 10, அப்போது உலக சாதனை. திரும்பக் கூப்பிட்டவரே நம்மாட்கள் கேட்சையெல்லாம் பிடிச்சார்னு அன்னைக்கு எத்தனை பேர் புலம்பியிருப்பாங்களோ!

இதோடு 2011 டிரென்ட் பிரிட்ஜையும் சேர்த்துப் பேசுவார்கள். தேநீர் இடைவேளை என்று நினைத்து கிரீஸை விட்டுக் கிளம்பிய இயன் பெல் ரன் அவுட். ஸ்ட்ராஸும் பயிற்சியாளரும் வந்து கேட்டபின் தோனி அப்பீலைத் திரும்பப் பெற்றார். எனக்கு இரண்டும் ஒன்றல்ல. பெல் விதிப்படி அவுட்தான். தோனி காட்டியது தாராளம். டெய்லர் அவுட்டே இல்லை. எதிரணியிலிருந்து யாரும் வந்து கேட்கவும் இல்லை. விஸ்வநாத் சலுகை எதுவும் தரவில்லை, தனக்குச் சேராத விக்கெட்டை வேண்டாமென்றார், அவ்வளவுதான். பாவம், தர்மசங்கடம் நடுவருக்கு.

விஸ்வநாத் கேப்டனாக இருந்தது மொத்தம் இரண்டே டெஸ்ட். இது இரண்டாவது. ஸ்கோர் அட்டையைப் பார்த்தால் இந்தக் கதைக்கான தடயமே கிடையாது. டெய்லர் 43 என்று மட்டும் இருக்கும்.